சாட்சியத்தை மறைக்கக் கற்றுக்கொடுக்காதீர்கள்



அன்பிற்குரிய பெற்றோர்களே! வெளியூருக்குப் படிக்கச் செல்லும் பிள்ளையை வழியனுப்பும்போது நம் வீடுகளில் சில அறிவுரைகள் தவறாமல் சொல்லப்படுகின்றன. தொழுகையை விட்டுவிடாதே, ஹலால் பார்த்துச் சாப்பிடு, தீய நட்பைத் தவிர்த்துக்கொள். இம்மூன்றும் அவசியமானவை. ஆனால் நான்காவதாக ஒன்றையும் சேர்த்துவிடுகிறோம்: “மாணவர் சங்கம், தேர்தல் என்று எதிலும் தலையிடாதே. வாக்குப்பதிவு நாளில் விடுதி அறையை விட்டு வெளியே வராதே.” இந்த நான்காவது அறிவுரையை மார்க்கத்தின் பெயரால் சொல்வதற்கு நமக்கு உரிமை இல்லை.

நம் மாநிலத்தின் பெரும்பாலான கல்லூரிகளில் மாணவர் தேர்தல் நடப்பதில்லை. ஆகவே நம்மில் பலருக்கு அது பழக்கமில்லாத ஒன்று, பழக்கமில்லாததை அஞ்சுகிறோம். ஆனால் நம் பிள்ளைகள் இன்று டெல்லிக்கும் ஹைதராபாத்துக்கும் கேரளாவுக்கும் படிக்கச் செல்கிறார்கள். அங்கே வாக்குச்சீட்டு அவர்கள் கைக்கு வருகிறது. விடுதிக் கட்டணம், உணவின் தரம், நூலகம் திறந்திருக்கும் நேரம், உதவித்தொகையின் தாமதம், மாணவியரின் பாதுகாப்பு ஆகியவற்றை நிர்வாகத்திடம் யார் எடுத்துரைப்பது என்பதை அந்தச் சீட்டு முடிவுசெய்கிறது. இவை உலக விஷயங்கள்தாம்; ஆனால் மனிதர்களின் உரிமை சார்ந்தவை. உரிமை சார்ந்த எதுவும் மார்க்கத்துக்கு வெளியே நிற்பதில்லை.

வாக்கு என்பது என்ன? ‘மஆரிஃபுல் குர்ஆன்’ விரிவுரையை எழுதிய முஃப்தி முஹம்மது ஷஃபீ (ரஹ்) அவர்கள் அதற்கு மூன்று தன்மைகளைக் கூறுகிறார்கள்: அது ஒரு சாட்சியம், ஒரு பரிந்துரை, நமக்காகச் செயல்பட ஒருவரை நியமிக்கும் வக்காலத்து. இவர் இப்பொறுப்புக்குத் தகுதியானவர் என்று வாக்களிப்பவர் சாட்சி சொல்கிறார். சாட்சியத்தை மறைப்பவரின் உள்ளம் பாவத்துக்குள்ளாகிறது என்று அல்பகரா அத்தியாயத்தின் 283ஆம் வசனம் எச்சரிக்கிறது. நல்ல பரிந்துரையிலும் தீய பரிந்துரையிலும் பரிந்துரைத்தவருக்குப் பங்குண்டு என்பது அன்னிஸா அத்தியாயத்தின் 85ஆம் வசனம் தரும் செய்தி. தகுதியானவர் யார் என்று தெரிந்திருந்தும் அறைக்கதவைச் சாத்திக்கொள்ளும்படி பிள்ளையிடம் சொல்லும்போது, நாம் எதைக் கற்றுக்கொடுக்கிறோம் என்பதைச் சற்றே சிந்தியுங்கள்.

“படிக்கிற பிள்ளைகளுக்கு இதெல்லாம் எதற்கு?” என்று கேட்போர் மதீனாவைத் திரும்பிப் பார்க்கட்டும். ஹிஜ்ரி 23ஆம் ஆண்டு கலீஃபா உமர் (ரலி) அவர்கள் குத்தப்பட்டு மரணப்படுக்கையில் இருந்தபோது, அடுத்த தலைவரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை ஆறு நபித்தோழர்களிடம் ஒப்படைத்தார்கள். அவர்களுள் ஒருவரான அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் தமக்குப் பதவி வேண்டாம் என்று விலகிக்கொண்டு, மூன்று நாட்கள் மக்களின் கருத்தைக் கேட்டறிந்தார்கள். பெரியவர்களிடம் மட்டும் கேட்கவில்லை. திரைமறைவில் இருந்த பெண்களிடமும், ஊருக்குள் வந்த பயணிகளிடமும், மக்தபில் ஓதிக்கொண்டிருந்த சிறுவர்களிடமும்கூடக் கேட்டார்கள் என்று இமாம் இப்னு கஸீர் (ரஹ்) தமது ‘அல்பிதாயா வந்நிஹாயா’வில் பதிவு செய்திருக்கிறார்கள். முழு உம்மத்தின் தலைமையைப் பற்றி மக்தப் பிள்ளையிடம் கருத்துக் கேட்ட சமுதாயம் நாம். இன்று இருபது வயது மகனிடமும் மகளிடமும், விடுதிச் செயலாளர் யார் என்பதில்கூட உனக்குக் கருத்து வேண்டாம் என்கிறோம்!

“தேர்தல் என்றாலே ஃபித்னா, அடிதடி, பணம், பகை” என்பது அடுத்த வாதம். இதில் உண்மை இல்லாமல் இல்லை. உச்ச நீதிமன்றத்தின் உத்தரவின்படி, முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் ஜே. எம். லிங்டோ தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டதற்கு இந்தச் சீர்கேடுகளே காரணம். 2006இல் அக்குழு தந்த பரிந்துரைகளை அதே ஆண்டில் நீதிமன்றம் நடைமுறைப்படுத்தச் சொன்னது. வேட்பாளர் 5,000 ரூபாய்க்கு மேல் செலவிடக் கூடாது. வருகைப்பதிவு 75 விழுக்காடு இருக்க வேண்டும். அச்சடித்த சுவரொட்டி கூடாது, கையால் எழுதியதே அனுமதி. சாதி, சமய உணர்வைத் தூண்டி வாக்குக் கேட்கக் கூடாது. வழிபாட்டுத் தலங்களைப் பிரசாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. இவற்றில் எது நம் மார்க்க ஒழுக்கத்துக்கு முரணானது? வீண்விரயமும் லஞ்சமும் இனவெறியும் நமக்கு முன்பே தடுக்கப்பட்டவை அல்லவா?

விதிகள் மீறப்படுகின்றன என்பதும் உண்மையே. 2024இல் டெல்லிப் பல்கலைக்கழக மாணவர் சங்கத் தேர்தலில் சுவரொட்டிகளாலும் கிறுக்கல்களாலும் பொதுச் சுவர்கள் பாழாக்கப்பட்டன. அவற்றைச் சுத்தம் செய்யும்வரை வாக்குகளை எண்ணக் கூடாது என்று உயர் நீதிமன்றம் தடுத்து நிறுத்தியது. செப்டம்பரில் பதிவான வாக்குகள் நவம்பர் இறுதியில்தான் எண்ணப்பட்டன. ஆனால் பணத்தை வாரி இறைப்பவருக்குப் பெரிய உதவி செய்பவர் யார்? வாக்களிக்காமல் அறையில் இருக்கும் நல்ல பிள்ளைதான். நேர்மையானவர்கள் ஒதுங்கிய அளவுக்கு நேர்மையற்றவர்களின் செலவு குறைகிறது. ஃபித்னாவைக் காரணம் காட்டி ஒதுங்குவதால் ஃபித்னா குறைவதில்லை. அதற்கு எதிரான வாக்குகள்தாம் குறைகின்றன.

“பதவியைக் கேட்டுப் பெறாதே என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்களே” என்று ஆலிம்கள் சிலர் கூறுவர். அந்த ஹதீஸ் ஆதாரபூர்வமானது. பதவி ஆசைக்கு அது கடிவாளம். ஆனால் அது பதவி தேடுவோரைப் பற்றியது. வாக்களிப்பவரைப் பற்றியது அன்று. மேலும், பஞ்சம் சூழவிருந்த நாட்டில் களஞ்சியங்களின் பொறுப்பைத் தமக்குத் தரும்படி யூசுஃப் (அலை) அவர்கள் தாமாகவே கேட்டதையும் குர்ஆன் கூறுகிறது. பாதுகாக்கும் நேர்மையும் அதற்கான அறிவும் தம்மிடம் இருப்பதையே அவர்கள் காரணமாகச் சொன்னார்கள். ஆசைக்கும் ஆற்றலுக்கும் உள்ள வேறுபாட்டை நம் பிள்ளைகளுக்கு விளக்குவதுதான் நம் வேலை.

இதற்கு நேர் எதிரான தவறும் ஒன்று உண்டு. “வாக்களி, ஆனால் நம் ஆளுக்கு மட்டும்” என்று வாட்ஸ்அப் குழுக்களில் பெயர்ப் பட்டியல் அனுப்புவோரும் நம்மிடையே இருக்கிறார்கள். நமக்கே எதிராக இருந்தாலும், பெற்றோருக்கும் உறவினருக்கும் எதிராக இருந்தாலும் நீதிக்காகச் சாட்சி சொல்லுங்கள் என்பது அன்னிஸா அத்தியாயத்தின் 135ஆம் வசனத்தின் கட்டளை. தகுதியற்றவன் நம் பெயரைத் தாங்கியிருப்பதால் தகுதியுள்ளவனாகிவிட மாட்டான். ஓர் இந்து மாணவியோ கிறித்தவ மாணவனோ எல்லோருக்கும் நீதி செய்வார் என்று நம் பிள்ளை அறிந்திருந்தால், அவருக்கு எதிராக வாக்களிக்கச் சொல்வது பொய்ச்சாட்சி சொல்லத் தூண்டுவதாகும். ஒதுங்கச் சொல்பவர் சாட்சியத்தை மறைக்கிறார். பட்டியல் அனுப்புபவர் அதைத் திரிக்கிறார்.

மற்றொரு செய்தியையும் மறந்துவிடாதீர்கள். டெல்லியின் ஜாமிஆ மில்லியா இஸ்லாமியாவில் 2006இல் மாணவர் சங்கம் கலைக்கப்பட்ட பின் பல்லாண்டுகள் தேர்தலே நடக்கவில்லை. அந்த உரிமையைக் கேட்டு மாணவர்கள் நீதிமன்றத்தின் படியேறினார்கள். ஓரிடத்தில் நம் பிள்ளைகள் வாக்குரிமைக்காக வழக்காடுகிறார்கள்; வேறோரிடத்தில் கையில் கிடைத்ததை மடித்து வைத்துவிடு என்று நாம் சொல்கிறோம்.

நாட்டின் சட்டம் பதினெட்டு வயதில் வாக்குரிமை தருகிறது. சட்டமன்றத்துக்கு வாக்களிக்க வரிசையில் நிற்கச் சொல்லும் நாம், வளாகத்தில் மட்டும் ஏன் தடுக்கிறோம்? வேட்பாளரை விசாரித்தறிவதும், வாக்குறுதியை எடைபோடுவதும், தோற்றபின் பகை பாராட்டாமல் இருப்பதும் பயிற்சியால் வருபவை. அப்பயிற்சி இல்லாமல் வளர்ந்தவர்களின் கையில்தான் நம் மஹல்லாக்களின் நிர்வாகத் தேர்தல்கள் சில ஊர்களில் வழக்கிலும் பூட்டிலும் போய் முடிகின்றன.

ஆகவே, அந்த நான்காவது அறிவுரையை மாற்றிச் சொல்லுங்கள். “விசாரித்து அறிந்துகொள். விருந்துக்கும் பணத்துக்கும் மயங்காதே. சண்டை நடக்கும் இடத்தில் நிற்காதே. யார் தகுதியானவர் என்று உன் உள்ளம் அறிகிறதோ அவருக்கே சாட்சி சொல். அல்லாஹ் பார்த்துக்கொண்டிருக்கிறான்.” இதை மகனுக்குச் சொல்வதுபோலவே மகளுக்கும் சொல்லுங்கள்.

அமானிதங்களை உரியவர்களிடம் ஒப்படைக்கும் மக்களாக நம்மையும் நம் சந்ததிகளையும் அல்லாஹ் ஆக்கியருள்வானாக. ஆமீன்.