குப்பாயி என்ற பெயரில் என்ன குறை?

என் பாட்டி இறந்தபோது, இரங்கல் அறிவிப்பில் எந்தப் பெயரைப் போடுவது என்று வீட்டில் ஒரு வாக்குவாதம். அடையாள அட்டையில் இலட்சுமி. புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தோட்டத்தில் எல்லாரும் அழைத்தது குப்பாயி. “குப்பாயி என்று போட்டால் நாலு பேர் சிரிப்பார்கள்” என்றார் மாமா. இலட்சுமி என்றே வெளிவந்தது. பாட்டியோடு பால் மரம் வெட்டிய பலர், யாரோ இறந்துவிட்டார் என எண்ணி வராமலே இருந்துவிட்டனர்.

குப்பாயி வசைப்பெயர் அன்று. பிள்ளைகள் அடுத்தடுத்து இறந்த வீட்டில், புதிதாகப் பிறந்ததைக் குப்பைமேட்டில் கிடத்தி எடுத்துக் குப்பன், குப்பாயி என்று அழைப்பது நம் முன்னோர் வழக்கம். வேண்டாத பொருள் என்று எமன் விட்டுவிடுவான் என்பது நம்பிக்கை. தவிட்டுக்கு விற்று வாங்கிய பிள்ளை தவிட்டம்மாள். பாட்டிக்கு முன் பிறந்த மூவர் தங்கவில்லை.

அக்காலச் சிலாங்கூர் மலேரியாவின் பிடியில் இருந்தது. 1901இல் கிள்ளானுக்கு வந்த மருத்துவர் மல்கம் வாட்சன் சதுப்பு நீரை வடித்துக் காய்ச்சலைக் குறைத்துக் காட்டினார். ஆனால் மருந்து எட்டாத லயத்தில் ஒரு தாயின் கைக்கு எட்டியது பெயர் ஒன்றுதான்.

ஸ்பானியப் பெண்களின் செல்லப்பெயரான ‘லோலா’, ‘தோலோரெஸ்’ என்பதன் சுருக்கம். அதன் பொருள் துயரங்கள். அன்னை மரியாளின் வியாகுலங்களைக் குறிப்பது. நம் கத்தோலிக்கக் குடும்பங்களின் வியாகுலமேரியும் அதே பொருள்தான். லோலா நமக்கு நாகரிகமாகப் படுகிறது. குப்பாயி மட்டும் கூச்சம் தருகிறது!

பழைய பெயர்கள் எல்லாவற்றையும் நான் போற்றவில்லை. ‘போதும்பொண்ணு’ என்ற பெயரில் பெண் பிள்ளை மீதான சலிப்பே இருக்கிறது. அதை மறுப்போம். ஆனால், எது சலிப்பு, எது பாசம் என்று கேட்டறியாமல் இரண்டையும் சேர்த்துப் புதைப்பது நியாயமா?

பத்தாங் பெர்ஜுந்தாய் 2007இல் பெஸ்தாரி ஜெயா ஆனது. இன்றும் நம்மவர் பலர் நாவில் பழைய பெயரே வருகிறது. ஊருக்குக் காட்டும் அந்தப் பாசத்தைப் பாட்டிக்கும் காட்டலாமே.

மாணவ நண்பர்களே, அடுத்த விடுமுறையில் வீடு திரும்பும்போது உங்கள் பாட்டியிடம், “உங்களை ஏன் அப்படி அழைத்தார்கள்?” என்று கேளுங்கள். சொல்வதை எழுதி வையுங்கள். என் பாட்டியிடம் நான் கேட்கவில்லை. மூவர் இறந்த கதையைக்கூடச் சாவு வீட்டில்தான் தெரிந்துகொண்டேன். கருமாதி அட்டையிலாவது, இலட்சுமி என்பதற்குக் கீழே குப்பாயி என்று அச்சிட்டோம். யாரும் சிரிக்கவில்லை.