அலுமாரிக்கு மேலிருந்து இறங்கிய டீ.வீ. கேம்

வாப்பாவோ மாமாவோ 1990களில் வெளிநாட்டிலிருந்து வரும்போது கொண்டுவந்த டீ.வீ. கேம் பெட்டி உங்கள் வீட்டு அலுமாரிக்கு மேல் இன்னும் இருக்கிறதா? இருந்தால், பழைய சாமான்காரரிடம் போடுமுன் இந்தப் பக்கத்தை ஒருமுறை வாசித்துவிடுங்கள். பிள்ளைகள் அதை இறக்கித் தூசு தட்டி, சுவரில் தொங்கும் புதிய டீ.வீ.யில் மாட்டிப் பார்த்துவிட்டு, "படம் வருதில்ல உம்மா, இது பழுது" என்று சொல்லியிருப்பார்கள். அநேகமாக அது பழுதல்ல. பெட்டி தன் பாஷையில் பேசிக்கொண்டுதான் இருக்கிறது. புதிய டீ.வீ.க்கு அது விளங்கவில்லை, அவ்வளவுதான்.

படத்தைப் பற்றிக் கதைக்குமுன் மின்சாரத்தைப் பார்த்துவிடுவோம். ஏனென்றால் படம் வராவிட்டால் இன்னொரு நாள் முயன்று பார்க்கலாம். அடெப்டர் பிழைத்தால் பெட்டி அன்றோடு முடிந்தது. நமது வீடுகளில் 230 வோல்ட். ஜப்பானில் 100 வோல்ட், அமெரிக்காவில் 120 வோல்ட். சவூதி வீடுகளில் நீண்ட காலமாக 127 வோல்ட்டும் 220 வோல்ட்டும் இரண்டுமே பாவனையில் இருந்தன. ஆகவே அங்கிருந்து வந்த அடெப்டர் எதற்காகச் செய்யப்பட்டது என்று அதன் முதுகில் அச்சிட்டிருப்பதை வாசிக்காமல் சொக்கட்டில் சொருகவே கூடாது. 127 வோல்ட் அடெப்டருக்கு 230 வோல்ட் கொடுத்தால் அது சூடேறி உருகும். அதற்குமுன் பெட்டிக்கு ஏறக்குறைய இரட்டிப்பு மின்னழுத்தத்தையும் அனுப்பிவிடும்.

"அப்படியானால் வேறொரு அடெப்டர் போடலாமே" என்பீர்கள். போடலாம், ஆனால் இன்னொரு பொறி இருக்கிறது. நின்டெண்டோ கம்பனி 1983இல் ஜப்பானில் வெளியிட்ட 'ஃபெமிலி கொம்பியூட்டர்' என்ற பெட்டிக்கு வேண்டியது 10 வோல்ட் நேர்மின்னோட்டம். அதன் ப்ளக்கின் நடு ஊசி 'மைனஸ்'. கடைகளில் இன்று சாதாரணமாகக் கிடைக்கும் அடெப்டர்களில் நடு ஊசி 'பிளஸ்'. அதே கம்பனி அமெரிக்காவில் விற்ற பெட்டியின் அடெப்டரோ 9 வோல்ட் ஆடலோட்டம் தருவது. ப்ளக் பொருந்துகிறது என்பதற்காக அதை ஜப்பான் பெட்டியில் மாட்டினால் உள்ளே கருகும். அடெப்டரிலும் பெட்டியிலும் ஒரு சிறு வட்டமும் பிளஸ், மைனஸ் குறிகளும் வரைந்திருக்கும். இரண்டிலும் அந்தப் படம் ஒன்றாக இருக்க வேண்டும். விளங்கவில்லையா? ஊரிலுள்ள ரேடியோ திருத்தும் பாஸிடம் இரண்டையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். பத்து நிமிட வேலை.

சரி, இனி படம்.

பெட்டியின் பின்பக்கத்தையோ ஓரத்தையோ பாருங்கள். மஞ்சள் நிறத் துவாரம் ஒன்றும், பக்கத்தில் சிவப்போ வெள்ளையோ இருந்தால் உங்கள் பாடு இலேசு. மஞ்சள் படத்துக்கு, மற்றது சத்தத்துக்கு. தாய்வானிலிருந்து வந்த 'மைக்ரோ ஜீனியஸ்' போன்ற பெட்டிகளில் அநேகமாக இந்தத் துவாரங்கள் உண்டு. டீ.வீ.யின் ஏ.வி. துவாரங்களில் நிறத்துக்கு நிறம் சொருகி, ரிமோட்டில் 'சோர்ஸ்' அழுத்தி ஏ.வி.யைத் தெரிவு செய்யுங்கள்.

இங்கேதான் அதிகமானோர் தடுமாறுகிறார்கள். புதிய டீ.வீ.க்கள் பலவற்றில் மஞ்சள் துவாரம் தனியாக இல்லை. பச்சைத் துவாரமே இரண்டு வேலையும் பார்க்கும். அதைச் சுற்றி மஞ்சள் கோடு ஒன்று இருக்கலாம். மஞ்சள் வயரைப் பச்சையில் சொருகிவிட்டு, 'கொம்போனன்ட்' என்பதல்ல, 'ஏ.வி.' என்பதைத் தெரிவு செய்ய வேண்டும். மாறிவிட்டால் படம் கறுப்பு வெள்ளையாக வரும், அல்லது வரவே வராது. இன்னும் சில டீ.வீ.க்களில் ஹெட்போன் துவாரம் போன்ற சிறு துவாரம் மாத்திரமே இருக்கும். அதற்குரிய வயர் டீ.வீ.யுடன் பெட்டிக்குள் வந்திருக்கும், நாம்தான் எங்கோ வைத்திருப்போம். கடையில் வாங்கும் வயரில் உள்ளிணைப்பு வேறாக இருக்கலாம். மஞ்சளை வெள்ளையிலும் சிவப்பிலும் மாற்றி மாற்றிச் சொருகிப் பார்ப்பதால் நட்டமொன்றும் வராது.

கறுப்பு வெள்ளைக்கு இன்னொரு காரணமும் உண்டு. இலங்கையின் ஒளிபரப்பு 'பால்' முறை: 625 கோடுகள், செக்கனுக்கு 50 தடவை. ஜப்பானும் அமெரிக்காவும் பாவித்தது 'என்.டி.எஸ்.சி.': 525 கோடுகள், 60 தடவை. நிறத்தை ஏற்றி வரும் அலையும் வேறு, ஒன்றில் 4.43 மெகாஹேர்ட்ஸ், மற்றதில் 3.58. அதனால்தான் பால் மாத்திரம் தெரிந்த பழைய டீ.வீ.யில் ஜப்பான் பெட்டியை மாட்டினால் நிறமில்லாமல், சிலவேளை மேலும் கீழும் உருண்டபடி படம் வந்தது. இன்றைய டீ.வீ.க்கள் பெரும்பாலும் இரண்டையும் ஏ.வி. வழியாக ஏற்கும். நிறம் வராவிட்டால் மெனுவில் 'கலர் சிஸ்டம்' என்ற இடத்தில் 'ஓட்டோ' இருக்கிறதா என்று பாருங்கள்.

அன்டெனா வயர் மாத்திரம் உள்ள பெட்டிகள்தான் உண்மையான தலையிடி. அவை சிறிய ஒளிபரப்பு நிலையம் மாதிரி. தாமே ஒரு சனலில் படத்தை அனுப்புகின்றன. டீ.வீ. அந்தச் சனலைத் தேடிப் பிடிக்க வேண்டும். ஆனால் முதலில் வந்த ஜப்பான் பெட்டி அனுப்புவது அந்நாட்டின் முதலாம் அல்லது இரண்டாம் சனலில், அதாவது 90 மெகாஹேர்ட்ஸுக்குச் சற்று மேலே. நம் நாட்டில் அந்த இடத்தில் எஃப்.எம். வானொலி இருக்கிறது! அங்கே டீ.வீ. சனல் இருக்காது என்று நினைத்து, நமது டீ.வீ. தேடும்போது அதைத் தாண்டிப் போய்விடும். தப்பித்தவறிப் பிடித்தாலும் சத்தத்துக்குப் பதிலாக இரைச்சல்தான் கேட்கும். ஏனெனில் படத்துக்கும் சத்தத்துக்கும் இடையிலான தூரம் அங்கே 4.5 மெகாஹேர்ட்ஸ், இங்கே 5.5. சத்தமில்லை என்று பெட்டியைக் கழற்றிப் பிரித்தவர்கள் எத்தனை பேரோ!

இதற்கு இரண்டு வழி. அதே முறைக்குரிய பழைய வீடியோ டெக் கிடைத்தால், கேம் வயரை டெக்கின் அன்டெனா துவாரத்தில் கொடுத்து, டெக்கிலேயே சனலைத் தேடி, டெக்கின் மஞ்சள் துவாரத்திலிருந்து டீ.வீ.க்கு எடுக்கலாம். டெக் தயாரிப்பு 2016இல் ஓய்ந்துவிட்டது, ஆனாலும் வீடுகளில் தூங்குபவை உண்டு. அல்லது, விஷயம் தெரிந்த பாஸ் ஒருவர் பெட்டியின் உள்ளிருந்து மஞ்சள் துவாரம் ஒன்றை எடுத்துத் தருவார். நான் இரண்டாவதையே விரும்புவேன், படம் துலக்கமாக இருக்கும்.

எல்லாம் சரியாக இருந்தும் 'நோ சிக்னல்' என்று வருகிறதா? இந்தப் பெட்டிகள் சாதாரண ஒளிபரப்புப் போல ஒற்றைக் கோடுகளையும் இரட்டைக் கோடுகளையும் மாறிமாறி அனுப்புவதில்லை. ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் சுமார் 240 கோடுகளையே வரைகின்றன. சில புதிய டீ.வீ.க்கள் இதைக் கண்டு குழம்பி, திரையைக் கறுப்பாக்கிவிடும். ஏ.வி.யை எச்.டி.எம்.ஐ.யாக மாற்றும் சிறு கருவி ஒன்று இங்கே உதவலாம். மலிவானவை படத்தைக் கொஞ்சம் மங்கலாக்கும். பிள்ளைகள் விளையாட அது போதும். பழைய கேம் பெட்டிகளுக்கென்றே செய்யப்பட்ட விலை கூடியவையும் உண்டு. பாடசாலைக் கொப்பி வாங்கும் காசில் அதை வாங்கச் சொல்ல எனக்கு மனமில்லை.

படம் வந்தபின் இரண்டு காரியம். படத்தின் அளவை 4:3 என்று வையுங்கள், இல்லையேல் மாரியோ பருத்துப்போய் நிற்பார். 'கேம் மோட்' இருந்தால் போடுங்கள். டீ.வீ. படத்தை மெருகேற்ற எடுக்கும் நேரத்தில், பட்டனை அழுத்திய பின்னும் மாரியோ பாயாமல் குழிக்குள் விழுந்துவிடுவார்; பிள்ளை ஜோய்ஸ்டிக்கைத்தான் ஏசும்.

திரை ஒரே நிறமாகவோ கட்டம் கட்டமாகவோ வந்தால் வயரை விட்டுவிடுங்கள், அங்கே குறையில்லை. கெசட்டின் செப்புப் பற்களில்தான் அழுக்கு. நாமெல்லாம் ஊதிப் போட்டோம். ஊதும்போது எச்சில் ஈரம் பட்டுப் பற்கள் கறுக்கும். பஞ்சில் ஐசோபுரோப்பைல் மதுசாரம் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காய்ந்த பின் போடுங்கள்.

தாத்தாவின் பழைய குழாய் டீ.வீ. இன்னும் வேலை செய்தால் அதற்கு நிகர் வேறில்லை. ஆனால் அதன் பின்மூடியைப் பிள்ளைகளைக் கழற்ற விடாதீர்கள். நிறக்குழாயில் 20,000 வோல்ட்டுக்கு மேல் இருக்கும், ப்ளக்கைக் கழற்றிய பின்னும் சில நேரம் தங்கியிருக்கும். வாத்துச் சுடும் துப்பாக்கி உங்கள் பெட்டியோடு வந்திருந்தால், அது இந்தக் குழாய் டீ.வீ.யில் மாத்திரமே வேலை செய்யும். விசையை இழுத்ததும் திரை கணநேரம் கறுத்து, வாத்து நிற்கும் இடம் மாத்திரம் வெளிச்சமாகும். துப்பாக்கியின் வாயிலுள்ள கண் அந்த வெளிச்சத்தைப் பார்க்கிறது. புதிய டீ.வீ.யில் அந்த வெளிச்சம் பிந்தித்தான் வரும். எத்தனை தடவை சுட்டாலும் ஒரு வாத்தும் விழாது.