மச்சம் இல்லைங்க அது! அங்கன்வாடியிலேயே எண்ணச் சொல்லுங்க



“கேன்சருக்குத்தான் காப்பீட்டு அட்டை இருக்கே, அப்புறம் என்ன?” மேடைக்கு மேடை ஆளுங்கட்சிக்காரங்க கேக்குற கேள்வி இது. சரி, பதில் சொல்வோம்.

என்.எஃப்.1 என்று ஒரு மரபணுக் கோளாறு. முழுப்பெயர் நியூரோஃபைப்ரோமடோசிஸ் டைப் 1. ஏறக்குறைய 3,000 குழந்தைகளில் ஒன்றுக்கு வரும். பாதிப் பேருக்கு அப்பா அம்மாவிடமிருந்து வருகிறது. மீதிப் பாதிக்குப் பரம்பரையில் யாருக்குமே கிடையாது, புதிதாக வருகிறது. அதனால் “எங்க குடும்பத்துல யாருக்கும் இல்லையே” என்ற பேச்சு இங்கே உதவாது.

இந்தக் குழந்தைகளில் 100-க்கு 15 முதல் 20 பேருக்குக் கண் நரம்பின் பாதையில், மூளைக்குள், கட்டி வருகிறது. பெரும்பாலும் ஆறேழு வயதுக்குள். எல்லாக் கட்டிக்கும் வைத்தியம் தேவைப்படாது. பலருக்குக் கண்காணித்தாலே போதும். ஆனால் பார்வை குறைய ஆரம்பித்தால் கீமோதான். இந்தக் கோளாறு உள்ள குழந்தைக்குக் கதிர்வீச்சு கொடுத்தால் பின்னாளில் வேறு கட்டி வரும், மூளை ரத்தக்குழாய் சுருங்கும் ஆபத்து அதிகம். கத்தி வைத்தால் கண் நரம்பே போய்விடலாம். அதனால்தான் டாக்டர்கள் கார்போபிளாட்டின், வின்கிரிஸ்டின் என்ற இரண்டு மருந்தோடு ஆரம்பிக்கிறார்கள்.

வின்கிரிஸ்டின் எதிலிருந்து வருது தெரியுமா? நித்யகல்யாணிச் செடியிலிருந்து! நம்ம சுடுகாட்டோரம் பூத்துக் கிடக்குமே, அதேதான். தென் மாவட்டங்களில் விவசாயிகள் பயிரிட்டு ஏற்றுமதிக்கே அனுப்புகிறார்கள். இரண்டு மருந்துமே ஒன்றிய அரசின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில், விலைக் கட்டுப்பாட்டில் இருக்கின்றன. ஆக, மருந்து பிரச்சினை இல்லை.

பிரச்சினை, குழந்தை எப்போது வந்து சேருகிறது என்பதுதான். கீமோ முடித்த என்.எஃப்.1 குழந்தைகளைப் பற்றி 2012-ல் வெளியான ஆய்வு ஒன்று இருக்கிறது. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குப் பேருக்குப் பார்வை கூடியது. ஐந்தில் இரண்டு பங்குப் பேருக்கு இருந்தது அப்படியே நின்றது. மீதிப் பேருக்குக் குறைந்தது. புரியுதா? பலருக்கு இந்த மருந்து மிச்சம் இருக்கிற பார்வையைத்தான் காப்பாற்றும். போனதைத் திருப்பித் தரும் என்று நம்பி உட்கார முடியாது. ரெண்டு வயசுக் குழந்தை “எனக்கு மங்கலா தெரியுது”ன்னு சொல்லுமா? மாறுகண் விழுந்தால் யோகம்னு சொல்ற ஊர் நம்ம ஊர்!

ஆனால் உடம்பு முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. பால் விட்ட காபி நிறத்தில் தட்டையான புள்ளிகள். பிறக்கும்போதே இருக்கும், அல்லது முதல் சில வருடங்களில் வரும். ஒன்றிரண்டு யாருக்கும் இருக்கலாம், பயப்படாதீங்க. மிளகு அளவுக்கு மேல் ஆறு புள்ளிக்குக் குறையாமல் இருந்தால் டாக்டர் பார்க்க வேண்டும். பாட்டி “மச்சக்காரன்”னு கொஞ்சுவாங்க. அவங்களைக் குத்தம் சொல்ல முடியாது. அரசுக்குத் தெரியாதா?

2013-லிருந்து ஒன்றிய அரசு ஒரு திட்டம் நடத்துகிறது. ராஷ்ட்ரீய பால் ஸ்வாஸ்த்ய காரியக்ரம். (பேரைச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள குழந்தைக்கு ஸ்கூல் பெல் அடிச்சிடும்.) டாக்டர் குழு அங்கன்வாடிக்கு வருடத்துக்கு இரண்டு முறை, பள்ளிக்கு ஒரு முறை வர வேண்டும். 30 குறைபாடுகளைப் பட்டியல் போட்டுத் தொடங்கிய திட்டம். சொத்தைப் பல் இருக்கிறது, காது சீழ் இருக்கிறது. இருக்கட்டும், வேண்டியதுதான். என்.எஃப்.1 இல்லை! தோலைப் பார்ப்பதும் சொறி சிரங்குக்காகத்தான். அதே டாக்டர் அதே முதுகைப் பார்க்கிறார். புள்ளியை எண்ணச் சொல்லி யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. இதற்கு ஆகும் செலவு ஒரு வரி அச்சடிக்கிற மை.

“அரிய நோய்க்கெல்லாம் திட்டம் போட முடியுமா?” என்பார்கள். கணக்குப் போடுங்க. தமிழ்நாட்டில் வருடத்துக்கு 8 லட்சத்துக்கு மேல் பிரசவம். அதில் 260-க்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு இந்தக் கோளாறு. அவர்களில் 40 பேருக்காவது கண் நரம்புக் கட்டி. இது ஒவ்வொரு வருடமும்.

கோட்டையில் இருப்பவர்களுக்கும் ஒன்று. முதலமைச்சர் காப்பீட்டில் வருடத்துக்கு 5 லட்சம், நல்லது. ஆனால் இந்த கீமோ ஒரு வருடத்துக்கும் மேல் ஓடும், பல வாரங்கள் வாராவாரம். நூறு நாள் வேலைக்குப் போகிற அம்மா வாரம் ஒரு நாள் சம்பளத்தை விட்டு, பஸ்ஸுக்குக் கைக்காசு போட்டு மெடிக்கல் காலேஜுக்கு அலைகிறார். பாதியில் நின்றால் யார் பொறுப்பு? அட்டையில் பயணப்படிக்கு இடம் இருக்கா?

நம் கோரிக்கை இரண்டு. பரிசோதனைப் பட்டியலில் என்.எஃப்.1-ஐ ஒன்றிய அரசு சேர்க்கட்டும். டெல்லி அசையும்வரை காத்திருக்காமல், இங்கே அங்கன்வாடியிலேயே புள்ளியை எண்ணி, ஆறு இருந்தால் வருடா வருடம் கண் டாக்டரிடம் அனுப்ப மாநில அரசு உத்தரவு போடட்டும். கீமோ எடுக்கும் குழந்தையோடு வருபவருக்குப் பயணப்படியும் தினக்கூலியும் வேண்டும்.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்கு மனுவோடு போங்க. ஒப்புகைச் சீட்டை போட்டோ எடுத்து கமெண்ட்ல போடுங்க. எந்த மாவட்டம் முதல்ல?

#ஆறு_புள்ளி_எண்ணு