கூடம் கோணலா?

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்று சொன்னாளாம். இந்தப் பழமொழியை நமக்கு அருளிய மகானுபாவர் கோல்ப் விளையாட்டைப் பார்த்திருக்க நியாயமில்லை. பார்த்திருந்தால் கூடத்தோடு நிறுத்தியிருக்க மாட்டார். காற்று கோணல், புல் கோணல், பந்து கோணல், மட்டை கோணல், பக்கத்தில் நின்று தும்மியவர் கோணல் என்று ஒரு பெரிய ஜாபிதாவே தயார் செய்திருப்பார்.

சென்ற மாதத்தில் ஒரு நாள் விடியற்காலையில், நண்பர் ஒருவருடன் கோல்ப் மைதானத்துக்குப் போகும் பாக்கியம் நமக்குக் கிடைத்தது. நண்பர் ஒரு பாங்கியில் 35 வருஷம் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். பிறர் எழுதிய கணக்குகளில் பிழை கண்டுபிடித்துத் திருத்துவதிலேயே ஆயுளில் பெரும் பகுதியைக் கழித்தவர். அவர் ஓய்வு பெற்ற அன்று, அவருடைய புதல்வி தன் சம்பளப் பணத்தில் ஒரு பை நிறைய மட்டைகள் வாங்கிக் கொடுத்தாள். எட்டு மாதமாக அவற்றைக் கொண்டு பயின்று வருகிறார். "இன்றோடு இதைத் தலை முழுகிவிடப் போகிறேன். பெண்ணிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. நீர் வந்து பார்த்துவிட்டு, இவருக்கு இது வராது என்று சாட்சி சொன்னால் உபகாரமாயிருக்கும்" என்றார். இம்மாதிரி சாட்சி சொல்வதில் நமக்கு ஆட்சேபம் இல்லை. போனோம்.

இந்த விளையாட்டை அறியாத நேயர்களுக்கு ஒரு வார்த்தை. நம் ஊர்க் கிட்டிப்புள்ளுக்கு இதைப் பணக்கார ஒன்றுவிட்ட சகோதரன் என்று சொல்லலாம். நூற்றுக்கணக்கான கஜத்துக்கு அப்பால் ஒரு குழி. அதன் அகலம் நாலேகால் அங்குலம். ஒன்றரை அங்குலத்துக்குச் சற்று அதிகமான குறுக்களவுள்ள ஒரு பந்தை மிகக் குறைந்த அடிகளில் அந்தக் குழிக்குள் சேர்க்க வேண்டும். இப்படிப் பதினெட்டுக் குழிகள். ஜனங்கள் வில்வித்தை பழகாமல் இதிலே பொழுதைப் போக்குகிறார்கள் என்று 1457-ஆம் வருஷத்திலேயே ஸ்காட்லாந்து தேசத்தில் இதற்குத் தடைச் சட்டம் போட்டார்கள். சட்டம் தோற்றது, விளையாட்டு ஜயித்தது. 1829-ஆம் வருஷத்தில் வெள்ளைக்காரர்கள் கல்கத்தாவில் இதற்கென்று ஒரு சங்கம் ஸ்தாபித்தார்கள். அவர்கள் கப்பலேறிப் போய்விட்டார்கள். விளையாட்டு இங்கேயே தங்கிவிட்டது. இவ்வளவு நிலமும் நீரும் விழுங்கும் விளையாட்டு நமக்கு வேண்டுமா என்று கேட்கும் நேயர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். அதை இன்னொரு நாள் பேசலாம்.

நண்பர் முதல் பந்தை அடித்தார். அது கொடியை நோக்கி நேராகத்தான் கிளம்பியது. பாதி வழியில் ஏதோ ஞாபகம் வந்தாற்போல் வலப்புறம் வளைந்து புதருக்குள் புகுந்தது. இதற்கு ஸ்லைஸ் என்று பெயர். வலக்கைக்காரர்களில் புதிதாய்ப் பழகுவோரை மிகவும் வாட்டும் வியாதி இதுதான்.

"பார்த்தீரா? வலப்புறம் போகிறது. ஆகவே நான் இடப்புறம் திரும்பி நிற்பேன்" என்றார் நண்பர். கால்களையும் தோள்களையும் இடப்புறம் திருப்பினார். மட்டையின் முகத்தை மட்டும் கொடியை நோக்கி வைத்து ஓங்கி அடித்தார். பந்து முன்னைவிட அதிகமாக வலப்புறம் வளைந்து, வேலிக்கு வெளியே போயிற்று. அவர் முகத்தைப் பார்க்க நமக்குச் சகிக்கவில்லை.

அச்சமயம் நண்பரின் மட்டைப் பையைச் சுமந்துகொண்டு வந்த மனிதர் தொண்டையைக் கனைத்தார். அறுபது வயதுக்கு மேலிருக்கும். எட்டு மாதமாக அவர்தான் பை சுமக்கிறாராம். "ஸார், தப்பா நினைக்காதீங்க. வியர்வைக்குப் பூச ஒரு பவுடர் டப்பா வச்சிருப்பீங்களே, அதைக் கொஞ்சம் கொடுங்க" என்றார்.

முகத்துக்குப் பூசும் பவுடரை அவர் மட்டையின் முகத்துக்குப் பூசினார். நண்பர் மறுபடி அடித்தார். பவுடர் பூச்சில் பந்து பட்ட தடம் அச்சாக விழுந்திருந்தது. சரியாக நடு மத்தியில். "இது காம்புப் பக்கமா விழுந்திருந்தா, அதுவே பந்தை வலப்புறம் வளைக்கும். உங்களுக்கு நடுவில்தான் படுது. அப்போ கோளாறு வேறே இடத்திலே" என்றார் பெரியவர். நல்ல வைத்தியர் முதலில் எந்த வியாதி இல்லை என்று தீர்மானித்துக்கொள்வது போலத்தான் இதுவும்.

அவர் அப்புறம் சொன்னதை நம்முடைய நடையில் சொல்லுகிறோம். மட்டையும் பந்தும் ஒட்டியிருப்பது ஒரு விநாடியில் ஏறக்குறைய இரண்டாயிரத்தில் ஒரு பங்கு நேரந்தான். அந்த க்ஷணத்தில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். மட்டையின் முகம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது ஒன்று. மட்டை எந்த வழியாகப் போய்க்கொண்டிருக்கிறது என்பது மற்றொன்று. முகம் பார்க்கும் திசையை ஒட்டியே பந்து கிளம்பும். முகமும் வழியும் ஒத்துப்போகாவிட்டால், பந்து வழிக்கு எதிர்ப்பக்கமாக வளையும். நண்பருடைய பந்து நேராகக் கிளம்பியபடியால் முகம் கொடியைப் பார்த்தது என்று தெரிகிறது. வலப்புறம் வளைந்தபடியால், மட்டை பந்துக்கு அப்பாலிருந்து தம் உடம்பை நோக்கி, அதாவது இடப்புறமாக, இழுக்கப்பட்டிருக்கிறது என்று தெரிகிறது. பயந்துபோய் இன்னும் இடப்புறம் திரும்பி நின்றால் என்ன ஆகும்? மட்டையின் வழி இன்னும் இடப்புறம் போகும். முகத்துக்கும் வழிக்கும் உள்ள சண்டை முற்றும். வளைவு அதிகமாகும். எட்டு மாதமாக நண்பர் தம் நோய்க்கு அந்த நோயையே மருந்தாகக் கொடுத்து வந்திருக்கிறார்!

இது பெரிய பெரிய சாஸ்திரிகளையும் கவர்ந்த விஷயம். எடின்பரோவில் பௌதிகப் பேராசிரியராயிருந்த டெய்ட் என்பவர் 1890-களில் கோல்ப் பந்தின் சுழற்சியைப் பற்றி ஆராய்ந்து எழுதினார். எலெக்ட்ரானைக் கண்டுபிடித்த ஜே. ஜே. தாம்ஸனே 1910-ஆம் வருஷத்தில் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் கோல்ப் பந்தைப் பற்றி ஒரு பிரசங்கம் செய்திருக்கிறார். பந்து பின்னோக்கிச் சுழன்றுகொண்டு பறக்கிறது. அந்தச் சுழற்சியின் அச்சு சாய்ந்தால், இறக்கை சாய்ந்த பருந்து போலப் பந்தும் சாய்ந்த பக்கம் திரும்புகிறது. ஆயினும் பல புஸ்தகங்களில், பந்து மட்டையின் வழியில் கிளம்பி, முகம் பார்க்கும் பக்கம் வளையும் என்றே நெடுங்காலம் எழுதி வந்தார்கள். 2000-க்குப் பிறகு பந்தையும் மட்டையையும் தொடர்ந்து அளக்கும் ராடார்க் கருவிகள் பரவின. டிரைவர் என்னும் நீள மட்டையால் அடிக்கும்போது, பந்து கிளம்பும் திசையில் ஏறக்குறைய நூற்றுக்கு 85 பங்கு முகத்தைப் பொறுத்தது என்று தெளிவாயிற்று. அந்தத் திசை 2 டிகிரி பிசகினால் 200 கஜ தூரத்தில் பந்து 7 கஜம் விலகி நிற்கும். பெரியவர் ராடாரைக் கண்டவர் அல்ல. நாற்பது வருஷமாகப் பந்தைக் கண்டவர்.

சிகிச்சை ஆரம்பமாயிற்று. முதலில் கைப்பிடி. நண்பர் மட்டையைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தால், இடக்கையின் விரல் முட்டிகளில் ஒன்றுதான் தெரிந்தது. கையைச் சற்று வலப்புறம் திருப்பி, இரண்டு முட்டிகளுக்குக் குறையாமல் தெரியும்படி பெரியவர் பிடிக்கச் செய்தார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள கோடு வலத்தோளைக் காட்ட வேண்டும் என்றார். இந்தப் பிடி, அடிக்கும் க்ஷணத்தில் முகம் திறந்துகொள்ளாமல் காக்கும்.

நண்பர் அடித்தார். பந்து வளையவே இல்லை. ஆனால் கிளம்பியதிலிருந்தே நேராக இடப்புறம் போய், அங்கிருந்த மரத்தடியில் விழுந்தது.

"போச்சு! இத்தனை நாள் வலப்புறம், இப்போது இடப்புறமா?" என்று நண்பர் தலையில் கை வைத்துக்கொண்டார். பெரியவருக்கோ பரம சந்தோஷம். "நல்லது ஸார்! முகமும் வழியும் சமாதானமாயிடுச்சு. இனிமே இரண்டையும் சேர்த்துத் திருப்பிட்டாப் போதும்" என்றார்.

நேயர்கள் இந்த இடத்தைச் சற்றுக் கவனிக்க வேண்டுகிறோம். கோணல் நேராவதற்கு முன்னால் எதிர்ப்பக்கம் கோணலாகக் காட்சியளிக்கிறது. பழகிய தப்பு சுகமாயிருக்கிறது; புதிய சரி தப்பாகத் தோன்றுகிறது. இந்தக் கட்டத்தில்தான் முக்கால்வாசிப் பேர் பயந்து பழைய பிடிக்கே திரும்பிவிடுகிறார்கள்.

அடுத்தபடியாக, கால்களும் தோள்களும் கொடியை நோக்கும் கோட்டுக்கு இணையாக நிறுத்தப்பட்டன. பந்துக்கு அப்புறத்தில், ஒரு சாண் தள்ளி, சற்றுப் பின்னால் ஒரு துண்டை மடித்து வைத்தார் பெரியவர். மட்டை வெளியிலிருந்து உள்ளே இழுக்கப்பட்டால் துண்டில் படும். உள்ளிருந்து வந்தால் படாது. வாத்தியார் பக்கத்தில் நின்று திட்ட வேண்டிய அவசியமே இல்லை, துண்டு சொல்லிவிடும். முதலில் அரை வீச்சு, பிறகு முக்கால் வீச்சு. முதல் ஏழெட்டு அடிகளில் துண்டு பறந்தது. அப்புறம் பறக்கவில்லை.

இடையில் ஒரு பந்து மேல் மண்டையில் அடிபட்டுத் தரையோடு உருண்டது. "தலையைத் தூக்கிவிட்டேன்" என்றார் நண்பர். இது கோல்ப் உலகத்தில் எல்லாரும் எல்லாருக்கும் இலவசமாக வழங்கும் உபதேசம். பெரும்பாலும் தலை நிரபராதி என்கிறார் பெரியவர். பந்தை உயரக் கிளப்ப வேண்டுமென்று, கரண்டியால் அள்ளுவது போல மட்டையை அள்ளுவதுதான் காரணமாம். அதனால் மட்டை தரையைத் தொட வேண்டிய இடம் பந்துக்குப் பின்னால் விழுந்துவிடுகிறது. ஒரு சமயம் மண்ணை வெட்டுகிறது. இன்னொரு சமயம் எழும்பி வந்து பந்தின் மண்டையில் படுகிறது. இரண்டும் ஒரே நோய். தரையில் ஒரு கோடு கிழித்து, பந்தே இல்லாமல், சிறிய இரும்பு மட்டையால் கோட்டுக்கு முன்புறம் புல் சிதறும்படி வீசிப் பழக வேண்டும். பந்தை உயர்த்துவது மட்டையின் முகத்திலுள்ள சாய்வின் வேலை. நம் வேலை அன்று.

ஒரு நாளில் ஒரு தப்பைத்தான் திருத்த வேண்டும் என்பது பெரியவரின் கண்டிப்பான விதி. ஆகவே இந்த இரண்டாவது வியாதிக்கு அடுத்த வாரம் என்று சொல்லிவிட்டார்.

வெயில் ஏறிற்று. கடைசியாக அடித்த பந்து நேராகக் கிளம்பி, முடிவில் மட்டும் வலப்புறம் லேசாகத் தலை சாய்த்து, வெட்டிய புல்லின்மேல் விழுந்தது. நண்பர் வெகு நேரம் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு பெரியவர் பக்கம் திரும்பினார். காலையில் "ஏம்பா" என்று கூப்பிட்டவர், இப்போது, "ஐயா, எட்டு மாதமாக என் கூடவே வருகிறீர்களே, இதையெல்லாம் ஏன் ஒரு நாளும் சொல்லவில்லை?" என்று கேட்டார்.

"நீங்க கேக்கலையே, ஸார். பை தூக்குறவன் தானா சொன்னா, சில பேருக்குக் கோபம் வந்துடும்" என்றார் அவர்.

நண்பர் பதில் சொல்லவில்லை. நமக்கும் பதில் தோன்றவில்லை. 1991-ஆம் வருஷத்தில் இந்தியன் ஓபன் பட்டத்தை வென்ற அலி ஷேரும், 2009-ல் அதே பட்டத்தை வென்ற சி. முனியப்பாவும் பிறருடைய மட்டைப் பையைச் சுமந்து இந்த வித்தையைக் கற்றவர்கள். அப்படிப்பட்ட கண்கள் நம் மைதானங்களில் எத்தனை இருக்கின்றனவோ! பந்து ஒரு பக்கம் உண்மையைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்தவர் பக்கத்திலேயே நிற்கிறார். நாமோ கூடம் கோணல் என்கிறோம்.

வீடு திரும்பும் வழியில் நண்பர் புதல்விக்குக் கைப்பேசியில் பேசினார். மட்டைகளைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தோம். "அடுத்த ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்கு வா, அம்மா. என் வாத்தியாரை உனக்கு அறிமுகம் செய்து வைக்கிறேன்" என்று மட்டும் சொன்னார். சாட்சி சொல்லும் வேலை நமக்கு மிச்சமாயிற்று.