மூன்று கால் முயல்

"முயலுக்குப் பாசம் கிடையாது ஐயா. நாய் என்றால் வாலாட்டும். பூனைகூடக் காலைச் சுற்றிக்கொண்டு வரும். முயல் என்ன செய்யும்? தின்னும், ஓடும். அதற்குப் போய் இவ்வளவு பாடா?" என்று சொல்லிவிட்டு என் சிநேகிதர் மீதிக் காப்பியைக் குடித்தார்.

அவரும் கதை எழுதுகிறவர்தான். மனித மனத்தின் ஆழத்தைப் பற்றி அவர் எழுதிய நாவல் மூன்று பதிப்புக் கண்டிருக்கிறது. அப்படிப்பட்டவர் ஒரு முயலின் மனத்தை அரை நிமிஷத்தில் தீர்த்துக் கட்டியது எனக்குப் பொறுக்கவில்லை. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதித்தவனைப் பற்றி நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். அவனாவது பிடித்துவிட்டுச் சாதித்தான். இவர் பிடிக்காமலே சாதிக்கிறார்.

அவர் ஒருவர் என்றால் போகிறது என்று விட்டுவிடலாம். முயல் வாங்கிய வீடுகளில் பாதிப் பேர் இதையேதான் சொல்கிறார்கள். "ஒட்டவே மாட்டேன் என்கிறது ஸார், யாருக்காவது கொடுத்துவிட்டோம்." என் கட்சி இதற்கு நேர் எதிர். முயல் ஒட்டாத பிராணி அல்ல. நாம்தான் அதை ஒட்ட விடுவதில்லை. விற்கிற இடத்தில் ஆரம்பித்து வீட்டுக் கூடம் வரைக்கும் நாம் செய்கிற காரியம் ஒவ்வொன்றும் அதை மிரட்டி விரட்டுகிற காரியம். இதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்டால், அத்தனையையும் நானே செய்திருக்கிறேன்.

என் பெண்ணின் எட்டாவது பிறந்த நாளுக்கு முதல் முயல் வந்தது. ஊருக்கு வெளியே ஒரு பண்ணை. கம்பிக் கூண்டுகள் வரிசையாக இருந்தன. "இருப்பதிலேயே ரொம்பச் சின்னது எது?" என்று கேட்டவன் நான்தான். பண்ணைக்காரர் ஒரு கூண்டில் கையை விட்டு, வெள்ளையாக ஒரு குட்டியைக் காதைப் பிடித்துத் தூக்கினார். அது காற்றில் உதைத்துக்கொண்டது. "ஒரு மாசம் ஆச்சு. எல்லாம் தின்னும். காரட், கோஸ், எது போட்டாலும் சரி. ஜோடியாக எடுத்தால் விலை குறையும்" என்றார். ஜோடி வேண்டாம் என்று சொல்கிற புத்தி மட்டும் அன்றைக்கு எனக்கு இருந்தது. அட்டைப் பெட்டியில் நாலு ஓட்டை போட்டுக் கொடுத்தார். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பெட்டிக்குள் சத்தமே இல்லை. நல்ல சாதுவான பிராணி என்று சந்தோஷப்பட்டேன். அது பயத்தில் உறைந்து கிடந்தது என்பது பிற்பாடுதான் எனக்குத் தெரிந்தது.

வீட்டில் கேக் வெட்டியானதும் தெருக் குழந்தைகள் எல்லாரும் அதைக் கை மாற்றிக் கை மாற்றிக் கொஞ்சினார்கள். பஞ்சு என்று பெயர் வைத்தார்கள். பஞ்சு கோஸ் தின்றது, காரட் தின்றது, யாரோ கொடுத்த பிஸ்கட்டும் தின்றது. ஆறாம் நாள் வயிறு இளகிற்று. எட்டாம் நாள் எதையும் தொடவில்லை. நாளைக்குச் சரியாகிவிடும் என்று நான் ஒரு கட்டுரையை முடித்துக்கொண்டிருந்தேன். ஒன்பதாம் நாள் காலை வைத்தியரிடம் கொண்டுபோனபோது அவர் முதலில் கேட்டது, "எப்போதிலிருந்து தின்னவில்லை?" என்பது. "நேற்றிலிருந்து" என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். முயல் அரை நாள் தீனி தொடாவிட்டாலே அபாயம் என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, அந்த மேஜையின் மேலேயே அது போய்விட்டது.

வீடு திரும்பியதும் என் பெண் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அப்பா, அது நம்மகிட்ட வந்ததனால செத்துப் போச்சா?"

நான் பதில் சொல்லவில்லை. இந்தக் கட்டுரைதான் பதில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் கல்லூரியில் இரண்டு வருஷத்தோடு நின்றுபோனவன். பிராணி சாஸ்திரத்தில் பண்டிதனல்ல. ஆனால் பஞ்சு போன பிறகு கிடைத்ததையெல்லாம் படித்தேன், தெரிந்தவர்களைக் கேட்டேன். முயல் குட்டி கண் திறக்காமல், உடம்பில் மயிர் இல்லாமல் பிறக்கிறது. கண் திறக்கப் பத்து நாள் ஆகும். தாய் ஒரு நாளைக்கு ஒரு தடவை, இரண்டு தடவை, சில நிமிஷங்களே பால் கொடுக்கும். பாலிலிருந்து புல்லுக்கு மாறுகிற அந்த நாட்கள்தான் அதன் குடலுக்குக் கண்டம். புல்லைச் செரிக்க வைக்கிற நுண்ணுயிர்கள் அப்போதுதான் அங்கே குடியேறிக்கொண்டிருக்கின்றன. அந்தச் சமயம் பார்த்துத் தாயிடமிருந்து பிரித்து, இடத்தை மாற்றி, தீனியையும் மாற்றினால் என்ன ஆகும்? அதற்கு வாந்தி எடுக்கவும் வராது. உள்ளே போனது எப்படியும் கடைசி வரை போயாக வேண்டும்.

காரட் விஷயத்தை இங்கேயே முடித்துவிடுகிறேன். அமெரிக்கக் கேலிச் சித்திரப் படத்தில் ஒரு முயல் 1940-லிருந்து காரட் கடித்துக்கொண்டிருக்கிறது. அதைப் பார்த்துத்தான் உலகம் முழுவதும் முயலின் ஆகாரம் காரட் என்று முடிவு கட்டிவிட்டார்கள் போலிருக்கிறது. முயலின் ஆகாரம் புல். அதன் பற்கள் ஆயுள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். முரட்டுப் புல்லை அரைத்து அரைத்துத்தான் அவை தேய வேண்டும். காரட் அதற்கு மிட்டாய். குழந்தைக்குச் சோற்றுக்குப் பதில் மிட்டாய் போட்டுவிட்டு, "பிள்ளை தேறவில்லை" என்பவர்களை என்ன சொல்வது?

இரண்டாவது முயலுக்கு நான் ஒரு வருஷம் துணியவில்லை. பிறகு மதுராந்தகம் பக்கத்தில் ஒரு அம்மாள் வளர்ப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். அறுபது வயதிருக்கும். சாம்பல் நிறத்தில் ஒரு குட்டியைக் காட்டி, "இது வேண்டும்" என்றேன். "அஞ்சு வாரம்தான் ஆவுது. இன்னும் ஒரு மாசம் போவட்டும் தம்பி" என்றார். அதே பணத்தை இப்போதே தருகிறேன் என்றேன். "பணம் எங்க போவுது? குட்டி போயிடும்" என்றார்.

நான் பண்ணைக்காரர்களை மொத்தமாகத் திட்டப் போவதில்லை. கறிக்கு வளர்ப்பவர்கள் எடை பார்த்து விற்கிறார்கள். அது வேறு தொழில், அதில் நான் தலையிடவில்லை. செல்லப் பிராணி என்று விற்கும்போதுதான் ஒரு மாசக் குட்டியாகவே தள்ளிவிடுகிறார்கள். தீனிச் செலவு மிச்சம். அதோடு, என்னைப் போல, "ரொம்பச் சின்னது எது?" என்று கேட்கிற முட்டாள்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். குற்றத்தில் சரிபாதி நமக்குத்தான். ஜோடியாகக் கொடுப்பதும் அப்படியே. சினைப்பட்ட முப்பத்தொரு நாளில் குட்டி. ஈன்ற கையோடு மறுபடி சினைப்படக்கூடிய பிராணி. ஆறு மாதத்தில் வீடு நிறைந்துவிடும். அப்புறம் ராத்திரியோடு ராத்திரியாக ஏதாவது பூங்காவில் கொண்டுபோய் விட்டுவிட்டு, "சுதந்திரம் கொடுத்தேன்" என்பார்கள். தெரு நாய்க்குச் சாப்பாடு கொடுத்தேன் என்று சொன்னால் உண்மையாக இருக்கும்.

நம் காட்டு முயல் வேறு, இது வேறு என்பதைக்கூட யாரும் நினைப்பதில்லை. தமிழில் இரண்டுக்கும் ஒரே பெயர் இருப்பதால் வந்த வினை. குறளில் யானைக்கு எதிரே வைத்துப் பேசப்படுவது நம் காட்டு முயல். அதைப் பிடித்து வளர்ப்பது 1972-ஆம் வருஷத்துச் சட்டப்படி குற்றம். வீட்டில் வளர்க்கிற முயல் ஸ்பெயின் பக்கத்து வளை முயலின் வம்சம். குளிர்ந்த மண்ணுக்குள் வளை தோண்டி வாழ்ந்த ஜாதி. அதைக் கொண்டுவந்து சென்னையின் மே மாதத்தில் மொட்டை மாடித் தகரக் கொட்டகையில் வைத்தால் அது பாசம் காட்டுமா, பிராணனை விடுமா?

ஒரு மாதம் கழித்துப் போனபோது அந்த அம்மாள் மூங்கில் கூடையில் குட்டியை வைத்து, அது படுத்திருந்த வைக்கோலிலேயே ஒரு பிடி உள்ளே போட்டார். "பழைய வாசனை இருந்தா பயப்படாது." அப்புறம் முயல் மசாலில் ஒரு கட்டு. பெயரே முயல் மசால்தான். நான் அதுவரை கேள்விப்பட்டதில்லை. "முதல்ல இதையே போடு. உங்க ஊர்ப் புல்லைக் கொஞ்சம் கொஞ்சமா கலந்துக்கோ. மூணு நாளைக்கு யாரும் தொடக்கூடாது" என்றார். எங்கள் ஊர்ப் புல் என்றால் பிள்ளையார் கோயில் வாசலில் விற்கிற அறுகம்புல்தான். அதற்குப் பிறகு அந்தப் பூக்காரி நான் மகா பக்திமான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

மூன்று நாள் யாரும் தொடக்கூடாது என்றதும் வீட்டில் ஒரே ரகளை. "அப்போ எதுக்கு வாங்கணும்?" என்று என் பெண் கேட்டாள். நல்ல கேள்வி. நாம் ஒரு பிராணியை வாங்குவதே தொடுவதற்குத்தான். ஆனால் அந்தப் பிராணியின் பக்கத்திலிருந்து பாருங்கள். வானத்திலிருந்து இறங்கித் தன்னைத் தூக்குவது பருந்து ஒன்றுதான் என்று எத்தனையோ தலைமுறையாக அதன் உடம்புக்குத் தெரியும். நம் கையும் மேலிருந்துதான் வருகிறது. அது உதறி உதைத்தால் தன் முதுகெலும்பைத் தானே முறித்துக்கொள்ளக்கூடும். அவ்வளவு பலம் பின்னங்காலில், அவ்வளவு மென்மை எலும்பில். சரி, கீழே உட்கார்ந்து மூக்குக்கு எதிரே கையை நீட்டலாம் என்றால், நாலு பக்கமும் பார்க்கிற அந்தக் கண்களுக்கு மூக்கின் நேர் முன்னால் இருப்பது மட்டும் தெரிவதில்லை. திடீரென்று அங்கே ஒரு விரல் முளைக்கிறது. நீங்களாக இருந்தால் ஓடமாட்டீர்களா?

ஆகவே நான் தரையில் உட்கார்ந்தேன். கூடத்தில் ஒரு மூலையை அதற்கு விட்டுவிட்டு, எதிர் மூலையில் பாயைப் போட்டுக்கொண்டு அச்சுப் பிழை திருத்தினேன். பக்கத்தில் என் பெண் வீட்டுப் பாடம் எழுதினாள். முதல் நாலு நாள் அது பெட்டியை விட்டு வரவில்லை. ஐந்தாம் நாள் வந்து, எங்களைப் பார்த்துப் பின்னங்காலால் தரையில் ஓங்கி ஓர் அடி அடித்துவிட்டு உள்ளே போயிற்று. பதினோராம் நாள், நான் இரண்டாவது அத்தியாயத்தில் இருந்தபோது, பாதத்தில் ஈரமாக ஏதோ பட்டது. அதன் மூக்கு. நான் அசையவில்லை. அது என் கால் கட்டைவிரலில் தன் மோவாயைத் தேய்த்தது. இந்தப் பொருள் தன்னுடையது என்று முத்திரை வைக்கிற வழக்கம் அது. மோவாயின் அடியில் அதற்கென்றே சுரப்பி இருக்கிறது. பிறகு இரண்டாவது அத்தியாயத்தின் ஓரத்தைத் தின்றது. என் எழுத்துக்கு அவ்வளவு உடனடியான வரவேற்பு அதற்கு முன் கிடைத்ததில்லை.

அதன் பெயர் சாம்பு. இப்போது மூன்று வயது, நாலு கிலோ. நெற்றியைத் தடவினால் பல்லை மெதுவாக அரைக்கும், அது சந்தோஷம். சில சமயம் தொப்பென்று பக்கவாட்டில் சரிந்து படுக்கும். முதல் தடவை செத்துவிட்டதென்று அலறிவிட்டேன். பயமில்லாத இடத்தில்தான் ஒரு முயல் அப்படிப் படுக்கும் என்கிறார்கள். இன்றைக்கும் அதைத் தூக்கினால் அதற்குப் பிடிக்காது. என் பெண் தூக்குவதுமில்லை.

காப்பி குடித்த சிநேகிதரிடம் இவ்வளவையும் சொன்னேன். "எல்லாம் உங்கள் கற்பனை" என்றார். நாற்காலியை விட்டுக் கீழே உட்காரச் சொன்னேன். வேஷ்டி அழுக்காகும் என்று யோசித்து, கடைசியில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அரை மணி நேரம் தமிழ் நாவலின் வீழ்ச்சியைப் பற்றிப் பேசினோம். சாம்பு பெட்டியிலிருந்து வந்து அவரை ஒரு சுற்றுச் சுற்றி, வேஷ்டித் தலைப்பைப் பல்லால் பிடித்து இழுத்தது.

"ஐயா, இது கடிக்கிறதே!"

"கடிக்கவில்லை. அது படுக்கிற இடத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள். நகரச் சொல்கிறது."

அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு ஒரு சாண் நகர்ந்து உட்கார்ந்தார்.