துலிப் இல்லீங்க, தீவனம்!

காலை நிகழ்ச்சி முடிந்து வெளியே வருகிறேன், வாட்ஸ்அப்பில் ஒரு படம். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் எடுத்ததாம். கண்ணுக்கு எட்டிய வரை இரத்தச் சிவப்பில் பூக்கள். "தம்பி, இது துலிப் தோட்டமா? பிள்ளைகளைக் கூட்டிப் போகலாமா?" என்று கேட்டிருந்தார் ஒரு நேயர்.

துலிப் இல்லை. மாடு தின்னும் தீவனம்! பெயர் கிரிம்சன் குளோவர். மூன்று மூன்றாக இலை, நுனியில் கூம்பு போல நீண்ட பூங்கொத்து. தென் ஐரோப்பாவிலிருந்து அமெரிக்கா போன செடி. அங்கே இலையுதிர் காலத்தில் விதைப்பார்கள். குளிரைத் தாங்கி நின்று, ஏப்ரல் வாக்கில் பூக்கும். கோடை வந்தால் ஆயுள் முடிந்தது.

அழகெல்லாம் சரி, விவசாயிக்குத் தலைவலியே பூக்கும்போதுதான் ஆரம்பம். நல்ல வைக்கோல் வேண்டுமென்றால் பூக்கத் தொடங்கியதுமே அறுக்க வேண்டும். பிறகு தண்டு முற்றி, சத்து குறைந்துவிடும். தேனீ வளர்ப்பவரோ, "இன்னும் கொஞ்ச நாள் விடுங்களேன்" என்பார். மண்ணுக்கு உரமாக்க நினைப்பவர் முழுதாகப் பூக்கும்வரை காத்திருந்து, அப்படியே மடக்கிப் போடுவார். இது பயறு, அவரை குடும்பம். வேர் முடிச்சுகளில் இருக்கும் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தரும். நன்றாக விளைந்தால் ஏக்கருக்கு 30 முதல் 70 கிலோ வரை. அடுத்து வரும் சோளத்துக்கோ பருத்திக்கோ அந்த அளவுக்கு உரச் செலவு மிச்சம்.

நம் தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. ரப்பர் கன்றுகளுக்கு நடுவே தரையை மூடிப் படர விட்ட கொடி நினைவிருக்கிறதா? அதுவும் இதே குடும்பம், இதே வேலை. என்ன, அதைப் படம் பிடிக்கத்தான் யாரும் வரவில்லை!

வெட்ட மனமில்லாமல் விட்டால் என்ன ஆகும்? பூ முற்றியதும் அதன் மேலுள்ள மெல்லிய முடிகள் விறைத்துவிடும். அதைத் தின்னும் குதிரையின் வயிற்றில் அவை பந்தாகத் திரண்டு குடலை அடைத்துக்கொள்ளும். குதிரை செத்தும் போகலாம். அதனால், பார்ப்பவர் வண்டியை நிறுத்திப் படம் எடுக்கும் அதே நாள்களில்தான் வயல்காரர் அரிவாளை, இல்லை, டிராக்டரை எடுக்கிறார்.

அந்த நேயருக்கு என் பதில்: தாராளமாகப் போங்கள், ஏப்ரலில். டிக்கெட் எடுக்கும் முன் வயல்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள், எப்போது வெட்டுகிறார் என்று.