25 கி.மீ. தள்ளி ஒரு சனி, ஞாயிறு

கேளம்பாக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு மாமல்லபுரம் என்பது விருந்தாளிகளுக்குக் காட்டும் ஊர். மதுரையிலிருந்து அத்தை வந்தால் போவோம், பெங்களூரிலிருந்து சித்தப்பா பிள்ளைகள் வந்தால் போவோம். பதினோரு மணி வெயிலில் கடற்கரைக் கோயில் முன்னால் ஒரு குரூப் போட்டோ, வெண்ணெய் உருண்டைப் பாறையைத் தாங்கிப் பிடிப்பதுபோல இன்னொன்று, ஆளுக்கொரு இளநீர், அப்புறம் 'தலை வலிக்குது, கிளம்பலாம்'. நம் வீட்டு மனிதர்கள் மட்டும் போய், ஒரு ராத்திரி தங்கி, நிதானமாகப் பார்த்துவிட்டு வந்த குடும்பங்கள் குறைவு. 25 கிலோமீட்டர்தானே, எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்று நினைத்தே வருஷங்கள் ஓடிவிடுகின்றன.

'இவ்வளவு பக்கத்துல இருக்கிற ஊருக்கு ரூம் எதுக்கு?' என்று வீட்டில் ஒரு குரல் கட்டாயம் வரும். காரணம் இருக்கிறது. அந்த ஊரின் நல்ல நேரம் காலை 6 முதல் 9 வரை, பிறகு சாயங்காலம் 4 மணிக்கு மேல். காலையில் சாவகாசமாகக் கிளம்பி மாலையில் திரும்புகிறவர்களுக்குக் கிடைப்பது நடுவில் இருக்கும் வெயில் மட்டும்தான். ரூம் எடுத்தால் மத்தியானம் பெரியவர்கள் கால் நீட்டிப் படுக்கலாம், குழந்தைகள் தூங்கலாம். சனிக்கிழமை ராத்திரி வாடகை ஏறும் என்பதால் இரண்டு வாரம் முன்பே பேசிவிடுங்கள். பட்ஜெட் இடம் கொடுக்கவில்லையா? விடியற்காலை ஐந்தேகாலுக்குக் கிளம்பி, பதினோரு மணிக்கு வீடு திரும்பிவிடுங்கள். அரை நாள்தான். ஆனாலும் முழு நாள் வெயிலில் அலைவதைவிட அது மேல்.

போக இரண்டு வழி உண்டு. கோவளம் இணைப்புச் சாலையில் போய் ஈ.சி.ஆரைப் பிடிப்பது ஒன்று, ஓ.எம்.ஆரிலேயே நேராகத் திருப்போரூர் போய் அங்கிருந்து போவது இன்னொன்று. தூரம் ஏறக்குறைய ஒன்றுதான். போகும்போது கோவளம் வழியாகப் போங்கள். உப்பளங்களையும் கழிமுகத்தையும் காலை வெளிச்சத்தில் பார்க்கலாம், குளிர்காலமென்றால் பறவைகளும் இருக்கும். உத்தண்டி டோல்கேட் கோவளத்துக்கு முன்பே முடிந்துவிடுவதால் அந்தச் செலவும் நமக்கில்லை. திரும்பும்போது திருப்போரூர் முருகனைக் கும்பிட்டுவிட்டு வரலாம். கார் இல்லாவிட்டால், தாம்பரத்திலிருந்து கேளம்பாக்கம், திருப்போரூர் வழியாகப் போகும் 515 பஸ் இருக்கிறது.

கடற்கரைக் கோயில் காலை 6 மணிக்கே திறந்துவிடும். கட்டணம் இந்தியர்களுக்கு 40 ரூபாய், ஆன்லைனில் எடுத்தால் 35. 15 வயதுக்குக் கீழே இலவசம். ஐந்து ரதத்துக்கும் அதே டிக்கெட்தான் என்பதால் பத்திரமாக வைத்திருங்கள். முதலில் கடற்கரைக் கோயில், வெயில் ஏறுவதற்குள் ஐந்து ரதம், பிறகு டிபன் என்று வைத்துக்கொண்டால் சரியாக இருக்கும்.

பிள்ளைகளுக்கு ராஜாக்கள் பெயரை ஒப்பிக்கச் சொல்லித் தர வேண்டாம். ஒன்றே ஒன்றைக் கவனிக்கச் சொல்லுங்கள். பாறையைக் குடைந்தால் குகை மண்டபம். பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கிக்கொண்டே வந்தால் ரதம். கல்லை வெட்டி எடுத்து வந்து அடுக்கினால் கடற்கரைக் கோயில். பல்லவர்கள் கல்லில் செய்து பார்த்த மூன்று முறைகளும் ஒரே ஊரில், நடந்து போகிற தூரத்துக்குள் இருக்கின்றன. ரதங்கள் முழுசாக முடிக்கப்படாதவை. எங்கெங்கே பாதியில் நிற்கிறது என்று கண்டுபிடிப்பதை ஒரு விளையாட்டாகவே வைக்கலாம். பஞ்சபாண்டவர்களுக்கும் அந்த ரதங்களுக்கும் சம்பந்தமில்லை, பெயர் பிற்பாடு வந்தது என்பதையும் சொல்லிவிடுங்கள். அர்ஜுனன் தபசுப் பாறையில் ஒரு பூனை இரண்டு கைகளையும் தூக்கித் தவம் செய்யும், காலடியில் எலிகள். யானையைக் காட்டுவதற்கு முன்னால் அந்தப் பூனையைத் தேடச் சொல்லுங்கள், அரை மணி நேரம் சத்தம் இருக்காது.

தாத்தா பாட்டி வந்தால் குன்றின் மேல் ஏற்ற வேண்டாம். பல நூற்றாண்டுக் கால்கள் பட்டு வழவழப்பான பாறை, செருப்போடு போனால் இன்னும் வழுக்கும். அர்ஜுனன் தபசுக்குப் பக்கத்திலேயே, சாலையோரத்தில் கிருஷ்ண மண்டபம் இருக்கிறது. உள்ளே ஒருவர் பால் கறக்கிறார், பசு கன்றை நக்கிக்கொண்டிருக்கிறது. மாடு வைத்திருந்த வீட்டில் வளர்ந்த பாட்டி அந்த இடத்தை விட்டுச் சுலபத்தில் நகர மாட்டார். குன்றுக்குப் போனவர்கள் இறங்கி வரும்வரை அவர் அங்கே இருக்கட்டும்.

இப்போது கடல். இந்தப் பத்தியை நான் எழுதுவதே இதற்காகத்தான்.

'கால் மட்டும் நனைச்சுட்டு வர்றோம்' என்று இறங்குகிற பிள்ளைகளும், முழங்கால் இடுப்பாவதைக் கவனிக்காமல் வீடியோ எடுக்கிற அப்பாக்களும் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. மாமல்லபுரம் கரையில் இழுவை அதிகம். எச்சரிக்கைப் பலகை வைத்திருப்பது சும்மா இல்லை. அலை கரைக்குக் கொண்டுவந்த தண்ணீர் எப்படியாவது திரும்பிப் போகவேண்டும். அது குறுகலான ஒரு வழியைப் பிடித்து வேகமாக உள்ளே போகும். அந்த இடத்தில் அலை உடைந்து வெள்ளை நுரை அடிக்காது. இரண்டு பக்கமும் நுரை, நடுவில் ஒரு பட்டை மட்டும் அமைதியாகத் தெரியும். 'இங்க அலை கம்மியா இருக்கு, இங்கயே குளிக்கலாம்' என்று நாம் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் அதே பட்டையைத்தான். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி நீந்திப் பயனில்லை, களைத்துப்போவோம். மிதந்துகொண்டு, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து, இழுவை விட்ட பிறகு கரைக்கு வரவேண்டும். கரையில் நிற்பவர் பின்னாலேயே குதிக்கக் கூடாது. மூடிய காலி வாட்டர் கேன், கயிறு, எது கையில் கிடைத்தாலும் வீசிவிட்டு மீனவர்களைக் கூப்பிடுங்கள், 108-க்கு போன் செய்யுங்கள்.

வானம் தெளிவாக இருந்தால் கடலும் சாதுவாக இருக்கும் என்பதும் இல்லை. தூரத்துப் பெருங்கடலில் எங்கோ அடித்த புயலின் அலை, இங்கே காற்றே இல்லாத நாளில் திடீரென்று கரையேறும். கள்ளக்கடல் என்பது அதற்குப் பெயர். 2024 மே 6-ஆம் தேதி கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரை அலை கொண்டுபோனது, அப்படிப்பட்ட எச்சரிக்கை நடப்பில் இருந்த நாட்களில்தான். ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் பேரலை எச்சரிக்கைகளை வெளியிடுகிறது. ஹோட்டல் ரிவ்யூ படிக்கிற நேரத்தில் கால்வாசியை அதைப் பார்க்கச் செலவழித்தால் போதும்.

பிள்ளைகள் நனைந்தே தீரவேண்டும் என்றால், வழியில் கோவளத்தில் நிறுத்துங்கள். தமிழ்நாட்டில் நீலக்கொடிச் சான்று பெற்ற முதல் கடற்கரை அது, 2021-இல் கிடைத்தது. உடை மாற்ற இடம், கழிப்பறை எல்லாம் உண்டு. உயிர்காப்பாளர்கள் நிற்கிற நேரத்தில், அவர்கள் காட்டுகிற இடத்தில், முழங்கால் அளவு தண்ணீர். அங்கேயும் ஒரு பெரியவர் போனைப் பைக்குள் போட்டுவிட்டுப் பிள்ளைகளை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். யார் அந்த ஆள் என்பதை வீட்டிலேயே பேசி முடிவு செய்துவிடுங்கள். 'யாராவது பார்த்துப்பாங்க' என்றால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

சாப்பாட்டு விஷயம். மூன்று மணிக்கு எழுந்து புளியோதரை கிளறி, உருளைக்கிழங்கு வறுத்து, டப்பா கட்டிவிட்டு, காரில் ஏறியதும் தூங்கிப்போகும் அம்மாக்களைப் பார்த்திருக்கிறோம். கடல் பார்க்கப் போகிற அன்றைக்கு அடுப்பு பற்றவைக்க வேண்டாம். தண்ணீர், பிஸ்கட், பழம், பெரியவர்களின் மாத்திரை போதும். அந்தப் பையை அப்பாவோ மூத்த பிள்ளையோ முந்தின ராத்திரியே எடுத்து வைக்கட்டும். மீன் சாப்பிடுகிறவர்கள், கடையில் மீனைக் காட்டி எடைக்கு என்ன விலை, வறுத்துத் தருவது அதில் சேர்த்தியா என்று கேட்டுவிட்டே உட்காருங்கள்.

நேரம் இருந்தால் சாளுவன்குப்பத்தில் புலிக்குகையைப் பாருங்கள். பக்கத்திலேயே, 2004 சுனாமிக்குப் பிறகு மணலுக்கடியிலிருந்து வெளிப்பட்ட முருகன் கோயிலின் எச்சம். கீழே இருப்பது பல்லவர் காலத்துக்கும் முந்திய செங்கல் கட்டுமானம். வடநெம்மேலி முதலைப் பண்ணைக்குத் திங்கள் விடுமுறை, முட்டுக்காடு தட்சிணசித்ராவுக்குச் செவ்வாய். லாங் வீக்எண்டில் திங்கட்கிழமையையும் சேர்த்துக்கொள்கிறவர்கள் முதலையை ஞாயிறுக்கு மாற்றிவிடுங்கள்.

ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு ஈ.சி.ஆரில் ஏறாதீர்கள். சென்னையே அப்போதுதான் வீடு திரும்பும். ஒன்று மூன்று மணிக்குள் கிளம்புங்கள்; இல்லையென்றால் ராத்திரிச் சாப்பாட்டை அங்கேயே முடித்துக்கொண்டு, எட்டு மணிக்கு மேல் திருப்போரூர் வழியாக வாருங்கள்.